காலியாக இருந்த குழி

கொல்கத்தாவில் உயிரோடு இருப்பவர்களுக்கே இடம் கிடைப்பதில்லை, செத்தவர்களுக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும்? எங்கள் கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு குழிதான். சில வருஷம் கழித்து அதே வீட்டில் இன்னொருவர் போனால், அதையே திறந்து அவரையும் உள்ளே வைப்பார்கள். பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த இந்த ஏற்பாட்டை எட்டு வயது வரை எனக்கு யாரும் சொல்லவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்ல அது என்ன நல்ல சேதியா?

எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே அம்மா தூங்குகிறாள் என்பதுதான். கல்லிலும் அப்படித்தான் வெட்டியிருந்தது. எக்காளம் ஊதும் நாளில் கல்லறைகள் திறக்கும், கர்த்தருக்குள் தூங்குகிறவர்கள் எழுந்து வருவார்கள் என்று சண்டே ஸ்கூல் அக்கா சொல்லியிருந்தாள். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. கவலை வேறு. அம்மா போன பிறகு நாங்கள் கார்டன் ரீச்சிலேயே வேறு ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு மாறியிருந்தோம். எழுந்து வருகிறவள் பழைய வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு ஈஸ்டர் விடியற்காலையிலும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கல்லருகே குனிந்து புது வீட்டு நம்பரைச் சொல்லிவிட்டு வருவேன்.

அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட சித்தி திருநெல்வேலியிலிருந்து வந்தவள். எனக்குத் தலை வாரி விடுவாள், சோறு போடுவாள், அதிகம் பேசமாட்டாள். அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். ஒரு வாரம்கூட இருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்து, மறுநாள் சாயங்காலம் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் செய்யும் நாளன்று விடிவதற்கு முன்பே அப்பா எங்கோ போய்விட்டு வந்து குளித்தார். பிள்ளை பெற்ற உடம்பு என்று சித்தியைக் கல்லறைக்கு அழைத்துப் போகவில்லை. அவளோ பிள்ளையைக் கையை விட்டு இறக்கமாட்டேன் என்றாள். யார் என்ன சொல்லியும் நடக்கவில்லை. கடைசியில் அப்பா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தனியா விடல. அவ பக்கத்துலதான் வைக்கப்போறோம். அவ பாத்துக்கிடுவா."

"அக்கா பக்கத்துலதான?" என்று கேட்டாள் சித்தி. என் அம்மாவை அவள் அக்கா என்றுதான் சொல்வாள், பார்த்ததே இல்லை என்றாலும். அப்பா தலையாட்டினார். அப்புறம்தான் கை தளர்ந்தது.

கல்லறைத் தோட்டத்தில் கல் ஒரு பக்கம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மாவின் குழி திறந்து கிடந்தது. போதகர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் நழுவிப் போய் எட்டிப் பார்த்தேன். ஈர மண், மக்கிய பலகைத் துண்டு ஒன்று. வேறு ஒன்றுமே இல்லை. உள்ளே யாரும் இல்லையா என்று குழி வெட்டுகிறவரிடம் வங்காளத்தில் கேட்டேன். அவர் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கேவு நேய், மா" என்றார். யாரும் இல்லையாம்.

அம்மா எழுந்து போய்விட்டாள்! தம்பியின் சின்னப் பெட்டியை இறக்கியபோது எல்லோரும் அழுதார்கள், நான் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். திரும்பும்போது டாக்சி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நடைபாதையில் போகிற ஒவ்வொரு புடவையையும் பார்த்தேன். பழைய வீட்டைத் தேடித்தான் போயிருப்பாள்.

வீட்டில் சித்தி சுவரோடு சாய்ந்து கிடந்தாள். பால் கட்டி, ரவிக்கை நனைந்திருந்தது. நான் காக்கிமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் தம்ளரை நீட்டிக்கொண்டே இருந்தாள், சித்தி வாங்கவில்லை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா பக்கத்துலதான வச்சாங்க? நீ பாத்தியா?"

"சித்தி, அம்மா அங்க இல்லவே இல்ல! குழி காலி. எழுந்து போய்ட்டாங்க. நான் பாத்தேன்!"

இதைவிட நல்ல செய்தி உலகத்தில் உண்டா? அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"அப்ப எம்பிள்ள தனியாவா கெடக்கான்?" என்று அலறினாள் சித்தி. சுவரைப் பிடித்து எழுந்து வாசலுக்கு ஓடினாள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். "சொல்லுங்கத்தான். அக்கா இருந்தாங்களா, இல்லையா?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"இருந்தா," என்றார். "காலைல நாந்தான் போயி எல்லாத்தையும் பொறுக்கி, ஒரு வெள்ளத் துணியில கட்டி, தலமாட்டுல மண்ணுக்குள்ள வச்சேன். அதுக்குப் பக்கத்துலதான் பிள்ள."

சித்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் காக்கிமாவின் கையிலிருந்து தம்ளரை வாங்கிக் குடித்தாள்.

"பொய்!" என்று நான் கத்தினேன். "அப்பா பொய் சொல்றாங்க!" என் கண்ணால் பார்த்ததை இல்லை என்கிறார். கர்த்தரின் காலியான கல்லறையைக் கண்டும், காசு வாங்கிக்கொண்டு மாற்றிச் சொன்ன ரோமப் போர்ச்சேவகர்களைப் பற்றிச் சண்டே ஸ்கூலில் படித்திருந்தேன். அவர்களும் அப்பாவும் எனக்கு ஒன்றாகிவிட்டார்கள். அவர் என்னை அதட்டவில்லை, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் விசுவாசப்பிரமாணம் சொல்ல எல்லோரும் எழுந்தோம். உடல் உயிர்த்தெழும் என்று சொல்கிற இடம் வந்தபோது அப்பா பாதியில் நிறுத்தினார். பிறகு தனியாக, சபை அடுத்த வரிக்குப் போன பிறகும், அதைச் சொல்லி முடித்தார். எனக்கு அருவருப்பாக இருந்தது. காலிக் குழியைப் பார்த்த எனக்கு அந்த வரி சுலபமாக இருந்தது. அம்மாவின் எலும்புகளைத் தன் கையால் பொறுக்கி வைத்துவிட்டு வந்த ஒருவர் அதே வரியைச் சொல்ல என்ன வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.