ஒரு மணி நேரம் பணக்காரனாக இருந்தேன்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதம், வளவனூரில் எங்கள் தெருவில் நடந்தது இது. நான் பெயின்டர். ஊரில் யார் வீட்டுச் சுவரையும் பளபளவென்று ஆக்கிவிடுவேன். என் வீட்டுச் சுவர் என்ன கலர் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

என் மனைவி இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அப்போது இருந்தது ஒரு சின்ன கிரைண்டர். நாலு ஈடு போட்டால் சூடாகிப் படுத்துக்கொள்ளும், என்னைப் போலவே. விழுப்புரத்தில் ஓட்டலை மூடிய ஒருத்தர் தன் பெரிய கிரைண்டரைப் பாதி விலைக்குத் தருகிறேன், ஆனால் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வைத்திருப்பேன் என்று சொல்லிவிட்டார். அதற்காகத்தான் அவள் தெருப் பெண்களோடு கடன் குழுவில் சேர்ந்தாள். ஐந்து பேர் ஒரு குழு. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற நாலு பேர் கட்ட வேண்டும். எல்லாம் முடிந்து, கம்பெனியிலிருந்து வந்து வீட்டைப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. பொதுவாக அது நல்லதுக்கில்லை. முன்பொரு தடவை பைக் வாங்கக் கடன் கேட்டுப் போன இடத்தில், "உன் பேர்ல இன்னா சொத்து இருக்குது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆக, இருக்கிறவனுக்குத்தான் கடன் கிடைக்கும் என்பது என் கண்டுபிடிப்பு.

புதன்கிழமை காலை ஐந்து பெண்களும் கோயில் மண்டபத்தில் நடந்த குழுக் கூட்டத்துக்குப் போய்விட்டார்கள். நான் நேராக மற்ற நாலு பேருடைய வீட்டுக்காரர்களிடம் போனேன். "ஒரு மணி நேரந்தாண்ணே!" மனைவி வீட்டில் இல்லாத நேரத்தில் ஆண்களுக்குப் பெருகும் தாராளம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. குழுத் தலைவி அக்கா வீட்டு ஃபிரிட்ஜ், எதிர்வீட்டு டிவி, கோடி வீட்டு சோபா, பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் எல்லாம் எங்கள் ஒற்றை ரூமுக்குள் வந்து சேர்ந்தன. நான் சலவைச் சட்டை போட்டு சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

கம்பெனி மேடம் முன்னால் வந்தார். பின்னால் என் மனைவி. வாசலிலேயே நின்றுவிட்டாள், வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று. அவளுக்குப் பின்னால் நாலு பெண்கள், நாலு பேரும் அவரவர் சாமானைப் பார்த்தபடி.

"ஏதோ சாமி புண்ணியத்துல நல்லாவே இருக்கோம் மேடம்" என்றேன்.

மேடம் சுற்றிப் பார்த்துவிட்டு கையிலிருந்த டேப்லெட்டை மூடினார். "சந்தோசம்ண்ணா. ஆனா வசதியில்லாத குடும்பத்துக்குத்தான் எங்க கடன். வருமானம் இவ்ளோக்குள்ள இருக்கணும்னு கணக்கு இருக்குது. உங்களுக்குத் தர முடியாதுங்க."

என் மனைவி என்னைத் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

அப்போது தலைவி அக்கா விடுவிடுவென்று உள்ளே வந்து ஃபிரிட்ஜைத் திறந்தார். "மேடம், இங்க வந்து பாருங்க. இது நான் காலையில வெச்ச மீன் கொழம்பு. இது என் கேப்பைக் கூழு. இந்தப் பொட்டியும் என்னுதுதான்!"

அவ்வளவுதான், மற்றவர்களுக்கும் வாய் வந்துவிட்டது.

"டிவி எங்களுதுங்க. வயரே சொருவல பாருங்க!"

"இந்த மெஷினுக்குள்ள என் ஈரத்துணி அப்படியே கெடக்குது, பேஜாரு புடிச்ச மனுசன்!"

"சோபா என்னுது மேடம். கிழிசலை மறைச்சிக்கினு உக்காந்திருக்காரு, எழுந்திரிக்கச் சொல்லுங்க!"

எழுந்தேன். கிழிசல் தெரிந்தது. மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடித்த பிறகு முகம் மாறியது. "இப்படிப் பொய் காட்டற வூட்டை நம்பி எப்படிங்க கடன் கொடுக்கிறது?"

"கடன் கேக்கறது இந்த ஆளா மேடம்?" என்றார் தலைவி அக்கா. "அவ கேக்கறா. எத்தினி வருசமா அவ மாவைத்தான் வாங்கிக்கினு இருக்கோம், ஒரு நாளு ஏமாத்தினது கெடையாது. குடுங்க பேப்பரை, நாங்க நாலு பேரும் கையெழுத்து போடறோம்."

போட்டார்கள். ஈரத்துணிக்காரி கையெழுத்தைப் போட்டுக்கொண்டே என்னை முறைத்தாள்.

"சாமானெல்லாம் போவட்டும். வூட்டை உள்ளபடி போட்டோ எடுத்துக்கறேன்" என்றார் மேடம். காலையில் தூக்கிவந்து கொடுத்த வீட்டுக்காரர்களில் ஒருத்தரைக்கூடக் காணோம். ஃபிரிட்ஜைத் தவிர மற்றதையெல்லாம் நானே முக்கி முனகிச் சுமந்தேன். ஃபிரிட்ஜுக்கு மட்டும், குழம்பு கொட்டிவிடப் போகிறது என்று அக்காவே ஒரு பக்கம் பிடித்தார். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு காலி ரூமில் நானும் மனைவியும் நின்றோம். அந்த போட்டோவில் அவள் வாயெல்லாம் சிரிப்பு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லோடு ஆட்டோவில் கிரைண்டர் வந்து இறங்கியது. இப்போது நாலு கடைக்கு மாவு போகிறது. இதுவரை ஒரு தவணைகூடத் தவறவில்லை.

தங்கள் வீட்டையே காலி பண்ணி உட்கார்ந்திருந்தவனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அந்த நாலு பேரும் பேப்பரைக் கேட்டு வாங்கிக் கையெழுத்து போட்டார்களே, அதை நினைக்கும்போதெல்லாம் முதலில் சிரிப்பு வருகிறது. என் மனைவி இந்தத் தெருவில் சத்தமில்லாமல் எவ்வளவு சம்பாதித்து வைத்திருக்கிறாள் என்ற பிரமிப்பு அதற்குப் பின்னாலேயே வந்து நிற்கிறது.