பாலம் தூக்கிய காலை

“சால்ட் லேக் ஆபீசுக்குத் திரும்பி வா. வீட்டிலிருந்துதான் வேலை செய்வேன்னா, நாலு மணிக்குள்ள காரணம் எழுதி அனுப்பு” என்று மேனேஜர் ஆன்லைன் மீட்டிங்கில் சொல்லி முடித்தபோது, என் வீட்டுக்குப் பக்கத்துக் கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பலின் சங்கு ஊதியது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது.

அப்பா அங்கே கப்பல் கடந்து போவதற்காகச் சாலைப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையில் இருந்தார். ஆறாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையன்று, என் ஸ்கூல் பஸ்ஸுக்கு முன்னால் பாலம் மேலே எழுந்தது. ஜன்னலெல்லாம் டீசல் புகை. பின்னால் லாரிகளின் ஹாரன். உயரத்தில் கேபினுக்குள் அப்பா தெரிந்தார். கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன், அவர் அசையவில்லை. பரீட்சையில் கடைசி இரண்டு கேள்விகள் போயின.

சாயங்காலம் சண்டைக்குப் போனேன். “என்னைப் பார்க்கலையாப்பா?”

“பார்த்தேன். கப்பல்ல இருந்தவங்களையும் பார்த்தேன். பாதியில இறக்கினா இடிச்சிடும்டி. உனக்கு ரெண்டு கேள்விதானே போச்சு?”

அவருக்கு இரண்டு பக்கமும் தெரிந்திருந்தது. நானோ இரண்டு வருஷமாக ஆஸ்பத்திரி டோக்கனுக்கு மென்பொருள் எழுதுகிறேன். டோக்கனோடு காத்திருக்கும் ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

மூன்று ஐம்பதுக்கு எழுதி அனுப்பினேன்: “வீடும் வேண்டாம், ஆபீசும் வேண்டாம். ஒரு மாதம் ஆஸ்பத்திரி டோக்கன் கவுன்டர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறேன்.”

பதில் இன்னும் வரவில்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு, லேப்டாப்போடு அந்த ஆஸ்பத்திரி டோக்கன் வரிசையில் போய் நிற்கப் போகிறேன்.