புரட்டாசியில் முட்டைக்கு ஒரு பொடி

பெரிய பேரன் சென்னையில் ஐ.டி. வேலை. அவன் தம்பி போலீஸ் செலக்‌ஷனில் பாஸாகி டிரெயினிங்கில் இருக்கிறான். நடுப் பேத்தி நர்சிங்கில் கிளாஸ் ஃபர்ஸ்ட்.

கடைசிப் பேத்தி பவித்ரா கேட்டரிங் முடித்தவள். இன்றைய பதிவு அவளைப் பற்றி.

(மற்ற மூவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களைப் பற்றிப் போன வாரம்தான் போட்டேன்.)

திருவண்ணாமலை ரோட்டில் புதிதாக ஒரு ஹோட்டல் வந்திருக்கிறது. புரட்டாசி முடிந்ததும் கறி, முட்டை தின்னக் கூட்டம் வரும், அதற்குப் புதுசாக ஒரு ஐட்டம் செய்து காட்டு, பிடித்தால் கிச்சனில் வேலை என்று முதலாளி அவளிடம் சொல்லிவிட்டார்.

பவித்ரா எடுத்துக்கொண்டது டெவில்ட் எக்.

அவித்த முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவை மசித்து மயோனைஸ் கலந்து, பூ மாதிரி திரும்ப அதிலேயே பிழிய வேண்டும். மேலே ஒரு பொடி தூவ வேண்டும்.

அந்தப் பொடியில்தான் சிக்கல்.

அவள் படித்தது பாப்ரிகா. காரமில்லாத சிவப்பு மிளகாய்ப் பொடியாம், செஞ்சி பஜாரில் எந்தக் கடையிலும் இல்லை.

"மேல தூவுறதுதான் ஆயா மொதல்ல கண்ணுல படும். அது சரியில்லனா ஒருத்தரும் கையில எடுக்க மாட்டாங்க."

"இங்க இருக்கிறத வெச்சே பண்ணலாம்டி. விடக்கூடாது."

சொல்லிவிட்டேன். ஆனால் ருசி பார்ப்பது யார்?

புரட்டாசி மாதம் எங்கள் வீட்டு அடுப்பில் முட்டை ஏறாது. மாடியில் கரண்ட் அடுப்பு வைத்துத்தான் அவித்தாள். மருமகள் மாடிப்படியில்கூடக் கால் வைக்கவில்லை.

எதிர்வீட்டுப் பாத்திமாவைக் கூப்பிட்டேன். தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

முதலில் மிளகாய்த்தூள். வாயில் போட்டதும் இருமல்.

"இன்னாக்கா, என்ன ஒரேடியா அனுப்பி வெக்கிறதுக்கா கூப்ட?"

அடுத்தது மிளகுத்தூள்.

"ருசி சரி. பாத்தா அடுப்புச் சாம்பல் வுழுந்த மாதிரி இருக்குது."

மூன்றாவது என் மல்லாட்டைப் பொடி, அதாவது வேர்க்கடலைப் பொடி. எங்கள் நிலத்து மல்லாட்டை, நானே வறுத்து, பூண்டு வைத்து இடித்தது. ஜெயிப்பது இதுதான் என்று மனதில் முடிவே செய்துவிட்டேன்.

பாத்திமா மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"எப்படிடி இருக்குது?"

"முட்டையும் ஒட்டுது, பொடியும் ஒட்டுது. தண்ணி குடுக்கா."

பவித்ரா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று முதுகே சொல்லிவிட்டது.

"பொடிய வீணாக்காத, எனக்குக் குடு. சோத்துக்கு ஆவும்" என்று பாத்திமா டப்பாவோடு எடுத்துக்கொண்டாள்.

(டப்பா இன்னும் வரவில்லை.)

பவித்ராதான் கடைசியில் சொன்னாள். "செவப்பு நெறம் மிளகாத் தோல்ல வரும், காரத்துக்கு மிளகு போதும். வெதய எடுத்துட்டா?"

நீட்டுக் காய்ந்த மிளகாயாகப் பார்த்து வாங்கி வந்தோம். காம்பைக் கிள்ளி விதை உதிர்த்தது நான். கை எரிந்தது. மறதியில் கண்ணைத் தொட்டுவிட்டு அதையும் அனுபவித்தேன். ஒரு விதைகூட விடவில்லை. வெறும் தோலை லேசாக வறுத்து, கொஞ்சம் மிளகோடு ஒன்றிரண்டாக இடித்தாள்.

பாத்திமா ஒன்று சாப்பிட்டாள். கேட்காமலேயே இன்னொன்று எடுத்தாள்.

இன்று காலை டிரேயை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் எத்தனை ஸ்பீடு பிரேக்கர்!

முதலாளி டிரேயைப் பார்த்தார். குனிந்து மோந்து பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"நானும் புரட்டாசி தான்மா."



அவர் சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டார். மாஸ்டர் ஒன்றைத் தின்றார். மேலே இருந்த பொடியை மட்டும் விரலால் தொட்டு நக்கினார். பிறகு பவித்ராவைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்.

"இந்தப் பொடி இங்க வந்து இடிப்பியா, வூட்லருந்து கொண்டாருவியா?"

ஐப்பசி ஒன்றாம் தேதி வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சமையல் மாஸ்டருக்கும் பாத்திமாவுக்கும் நன்றி.

பவித்ரா, நான் இன்னும் அதில் ஒரு வாய் தின்னவில்லை. புரட்டாசி முடிகிற வரைக்கும் கண்ணால் பார்க்கத்தான் முடியும். நீ வாட்ஸ்அப்பில் போட்ட படத்தில் முட்டை தெரிகிறது, பொடி தெரியவில்லை. கிட்டத்தில் வைத்து எடுத்துப் புதுப் படம் ஒன்று போடு.