ஞானசுந்தரியின் டிப்பர் லாரி

எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறும் ஞானசுந்தரி அக்காவிடம் இரண்டு டிபன் டப்பாக்கள் இருக்கும். ஒன்றில் எலுமிச்சை சாதம். இன்னொன்றில், அழுத்தினால் 'டக்'கென்று ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகள். பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு ஜீப்பின் முன்பாதி முடிந்துவிடும். கட்டை ஒன்று கீழே விழுந்தால் பெட்டியே குனிந்து தேடும். பங்காருப்பேட்டையில் ஏறுகிற புது ஆட்கள், யாருக்கோ தாலி தொலைந்துவிட்டது என்று நினைத்து அவர்களும் தேடுவார்கள்.

அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வகத்தில் உதவியாளர். அவள் வீட்டு முன்னறையில் சோபாவுக்கு இடமில்லை. ஜேசிபி, தண்ணீர் லாரி, ஆம்புலன்ஸ் என்று முப்பத்தோரு வண்டிகள் நிற்கின்றன. எல்லாவற்றின் வயிற்றிலும் சர்வோ. பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு நீல மோட்டார் அது. சுற்றிக்கொண்டே இருக்காது, சொன்ன கோணத்துக்குத் திரும்பி அங்கேயே நிற்கும். அதன் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காதுகளும் கட்டைகளுக்குள் அடங்காது என்பதால், நகம் தேய்க்கும் அரத்தால் ரயிலிலேயே ராவிவிடுவாள்.

ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி, பக்கத்து வீட்டில் உட்கார முடியாமல் உலாத்திக்கொண்டிருந்த என் கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு கைமணியைத் திணித்தாள்.

"சும்மாத்தானே கீற? வந்து மணி அடி."

விஷயம் இதுதான். அவள் தம்பி டென்னிஸுக்கு நிச்சயதார்த்தம். கல்யாணத்துக்குப் பிறகு முன்னறையில் சோபா போட வேண்டும், வண்டியெல்லாம் பரணுக்கு ஏற வேண்டும் என்றான் அவன். பெரிய சண்டைக்குப் பிறகு ஒப்பந்தம் ஆனது. நிச்சயதார்த்த மோதிரத்தை அக்காவின் டிப்பர் லாரி கொண்டு வரும். மோதிரம் பெண்ணிடம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் முன்னறை அக்காவுக்கு. சேராவிட்டால் பரண்.

லாரியில் சக்கரத்துக்குத் தனி மோட்டார், ஸ்டியரிங்குக்கு ஒரு சர்வோ, பின்தொட்டியைத் தூக்க ஒரு சர்வோ. தொட்டி பின்பக்கம்தான் கொட்டும் என்பதால் மேஜை முழுக்க ரிவர்ஸில்தான் வரும். அதுகூடப் பரவாயில்லை. அக்கா லாரியைப் பார்க்காமல்தான் ஓட்டுவேன் என்றாள்.

அவள் அப்பா எங்கள் ஊர் மைசூர் மைன்ஸில் வைண்டிங் டிரைவர். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கேஜ், அதை இயக்குகிறவர் கண்ணுக்கே தெரியாது. எங்கோ ஒரு கட்டடத்தில் டயலைப் பார்த்து, மணியைக் கேட்டு இயக்குவார். மூன்று மணி என்றால் ஆள் ஏறியாச்சு, தயார். ஓடும்போது ஒரு மணி என்றால் நிறுத்து. நிற்கும்போது ஒரு மணி என்றால் தூக்கு. இரண்டு மணி, இறக்கு. லாரிக்கும் அதே கணக்குதான்: மூன்று மணிக்குக் கிளம்பும், தூக்குவதும் இறக்குவதும் மட்டும் தொட்டியை.

"கண்ணால பார்த்துகினே ஓட்டுக்கா. ரிமோட்டுதானே" என்றேன்.

"பார்த்து ஓட்றவன் ஆட்டோ டிரைவர். நான் வைண்டிங் டிரைவர் பொண்ணு."

நிச்சயதார்த்த நாளன்று ராபர்ட்சன்பேட்டை ஹாலில் திரைக்குப் பின்னால், டயலுக்குப் பதிலாகச் சிவப்புக் கோடு போட்ட ஒரு சுவர்க்கடிகாரத்தின் முன் ரிமோட்டோடு உட்கார்ந்தாள். நான் மேஜையருகே. கோடியில் கேக். அதற்கு அந்தப் பக்கம் மணப்பெண் ஜூடித். லாரி கேக்கருகே வந்து நின்றதும் அவள் உள்ளங்கையை நீட்டுவாள். நான் ஒரு மணி அடிப்பேன். மோதிரம் சறுக்கி விழும்.

மூன்று மணி அடித்தேன். லாரி புறப்பட்டது. கூட்டம் விசிலடித்தது. கேக்கருகே ஒரு மணி. நின்றது. டென்னிஸின் முகத்தில்கூடச் சிரிப்பு. ஜூடித் வளையலை மேலே தள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஜூடித்தின் பெரியப்பா ரெண்டு வார்த்தை பேச எழுந்தார். கூட்டத்தை அமைதிப்படுத்த, ஒயின் கிளாஸை ஸ்பூனால் தட்டினார்.

டிங்.

தொட்டி எழுந்தது. மோதிரம் கேக் கிரீமுக்குள் போய் மறைந்தது.

பதறிப்போன பெரியப்பாவின் கையிலிருந்த ஸ்பூன் மறுபடி பட்டது. டிங். தொட்டி பாதியில் நின்றது. கூட்டம் சிரித்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சைலன்ஸ்!" டிங், டிங்.

தொட்டி பணிவாக இறங்கியது. பெரியப்பா லாரியை உற்றுப் பார்த்தார். லாரி தன்னைக் கேலி செய்கிறது என்று சந்தேகம். மெதுவாக, சோதிக்கிற மாதிரி, ஒரே ஒரு டிங். தொட்டி எழுந்தது.

"எவன்டா அவன்?" என்றார் லாரியிடம்.

டென்னிஸ் திரையைப் பிடுங்கி விலக்கினான். "எல்லாம் பரணுக்கு! இன்னைக்கே!"

அக்கா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வண்டி நின்னுகினு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எத்தினி மணி?"

"மணி இல்லக்கா, கிளாஸு!"

"எத்தினி?"

"ஒன்னு."

"அப்போ தூக்கினேன். இன்னா தப்பு?"

டென்னிஸ் என்னைப் பார்த்தான். நான் மணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

ஜூடித் அதற்குள் முழங்கைவரை கேக்கில் இறங்கியிருந்தாள். மோதிரத்தை எடுத்து, கிரீமை நக்கி, தானே விரலில் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினாள்.

"மோதிரம் வந்துடுச்சு இல்ல? முன்னறை அண்ணிக்குத்தான். டென்னிஸ், நீங்க சும்மா இருங்க."

சோபா இப்போது சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. முன்னறையில் விருந்தாளிக்கு டீ கொடுத்தால், சர்க்கரையைக் கலக்கித்தான் கொண்டுவருகிறார்கள். டம்ளரில் ஸ்பூன் போட்டுத் தருவதில்லை. பெரியப்பா வந்தால் டம்ளரே கிடையாது. பிளாஸ்டிக் கப்தான்.