சாதாளைக் குவியல்

சாதாளை எண்ட சொல்லைக் கேட்டாலே இப்ப நான் மூக்கைப் பொத்திறன். கடல்புல்லுத்தான், வேறை ஒண்டுமில்லை. சோளகக் காத்துக்குக் கரையிலை வந்து குவியும். அதைச் செடியளுக்குப் போடுற பசளையாக்கிப் பையிலை கட்டி, பைக்கு மேலை என்ரை சின்ன வயசுச் சந்தோசத்தையும் படமாய் ஒட்டி வித்தவள் நான்தான். நினைச்சா என்னிலை எனக்கே அருவருப்பாக் கிடக்கு.

ஒவ்வொரு ஆவணி லீவுக்கும் அப்பா எங்களைப் புங்குடுதீவிலை தன்ரை தங்கச்சி வீட்டிலை கொண்டுபோய் விடுவார். விடியவெள்ளன மாமியோடை கடற்கரைக்குப் போய்ச் சாதாளையைச் சாக்கிலை அடைச்சு, வண்டிலிலை ஏத்திக்கொண்டு வந்து வளவு மூலையிலை குவிப்பம். வெயிலுக்குக் காஞ்சா அது மெத்தைதான். மேலை ஏறிக் குதிச்சுக் குதிச்சு இருட்டுப்படும். மாமியின்ரை வளவிலை கத்தரி காய்ச்ச மாதிரி வேறை எங்கையும் நான் காணேல்லை.

யாழ்ப்பாணத்திலை வீட்டு வாசலிலை பூங்கண்டு விக்கிற எனக்குப் போன ஆவணி இந்த ஞாபகம் வந்து தொலைச்சுது. எல்லாரும் கடையிலை வாங்கின பசளையை விக்கிறாங்கள், நான் என்ரை லீவை விக்கிறன் எண்டு பெரிய எடுப்பிலை கரைக்குப் போனனான். கோதாரி, அங்கை சாதாளையை விடக் குப்பை கூட. குழந்தைப் பிள்ளையளின்ரை பம்பேர்ஸ் ஊதிப்போய்க் கிடக்கு. மீன்குடல், யோகட் கோப்பை, ஒரு செத்த நாய். கையுறை போட்டு அள்ளியும் ரெண்டு நாளா அந்தக் கையாலை சோறு தின்ன ஏலாமல் போச்சு. அப்பவாவது விட்டிருக்கலாம். நான் விடேல்லை. ஒரு கிழமை முத்தத்திலை காயப்போட்டு, வெட்டி, சாணியோடை கலந்து பையிலை அடைச்சன். பைக்கு மேலை குவியலிலை குதிக்கிற பிள்ளையளின்ரை படம். கீழை ‘தீவுக் கடலின் சிரிப்பு’ எண்டு எழுத்து. தூ. நானே யோசிச்சு எழுதினது.

முதல் பையை வாங்கினவ எங்கடை ஒழுங்கையிலை இருக்கிற, பென்சன் எடுத்த ரீச்சர். அவவிட்டை ஒரு சாடியிலை ஒரு சாண் உயரத் தேசிக்கண்டு நிண்டது. அவவின்ரை செத்துப்போன மனுசன் ஆஸ்பத்திரியிலை கடைசியாக் கேட்டுக் குடிச்சது தேசிக்காய்த் தண்ணி. பிழிஞ்ச காயின்ரை விதையைச் சீலைத் தலைப்பிலை முடிஞ்சு கொண்டுவந்து ஊண்டினவ. முளைச்சது அது ஒண்டுதான்.

ரெண்டு கிழமையாலை சாடியோடை வந்து நிண்டா. இலை விளிம்பெல்லாம் நெருப்புப் பட்ட மாதிரிக் கருகிக் கிடந்தது. “பிள்ளை, இதுக்கு என்ன வருத்தம் எண்டு ஒருக்காப் பாரும்” எண்டா. கோபமே இல்லை. ஏசியிருந்தாலும் பரவாயில்லை. மண்ணிலை வெள்ளையாய் ஏதோ பூத்திருந்தது. விரலாலை தொட்டு நாக்கிலை வைச்சன். கரிச்சுது.

மாமிக்கு ரெலிபோன் எடுத்தன். “உப்புக்கு என்ன செய்தனீங்கள் மாமி?”

“மாரி மழைக்குக் கழுவ விட்டனான். தை பிறந்தாப் பிறகுதான் கண்டுகளுக்குப் போட்டனான்.”

“எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லையே.”

“நீ எங்கை கேட்டனி? ஆவணி முடிய நீங்கள் போயிடுவியள். அது மழைக்குள்ளை ஊறிப் புழு நெளியேக்கை, மூக்கைக் கட்டிக்கொண்டு மண்வெட்டியாலை புரட்டினவள் நான். அந்த மணத்திலை எனக்குச் சோறு இறங்காது. நீங்கள் குதிச்சது காஞ்ச குவியலிலை.”

நான் குதிச்சுச் சிரிச்ச இடத்திலை மாமி ஓங்காளிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறா. இத்தனை வருசமா எனக்கு அது தெரியாது. தெரியாமல் அதை வைச்சுத் தொழில் வேறை.

கண்டைப் பிடுங்கி, வேரை நல்லதண்ணியிலை கழுவி, வெறும் மணலிலை வைச்சு ஒரு கிழமை பாத்தன். பட்டுப்போச்சு. போய்ச் சொன்னன், மன்னிப்புக் கேட்டன். ரீச்சர் என்னோடையே வீட்டை வந்தா. அடுக்கியிருந்த பைகளிலை ஒண்டைத் தூக்கிப் படத்தைப் பாத்தா. “இந்தப் பிள்ளையள் நல்லாச் சிரிக்குதுகள்” எண்டா. பிறகு பட்ட கண்டை மட்டும் வாங்கிக்கொண்டு, “சாடி இனி எனக்கென்னத்துக்கு, நீர் வைச்சிரும்” எண்டு சொல்லிப் போனா.

வித்த பைகளைத் திரும்ப வாங்கி, எல்லாத்தையும் கிழிச்சு மூலையிலை கொட்டினன். இப்ப கார்த்திகை மழை. குவியல் நாறுது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலாலை ஏசுகினம், அவையிலை பிழையில்லை. காலமையிலை மூக்கைக் கட்டிக்கொண்டு புரட்டிறன். நேற்றும் சத்தி எடுத்தனான்.

ரீச்சரின்ரை சாடி மதிலிலை அப்பிடியே இருக்கு. அதுக்குள்ளை மழைத்தண்ணி நிரம்பி நுளம்புக் குடம்பியள் நெளியுது. கவிட்டு ஊத்தத்தான் வேணும். கை போகுதில்லை.