விழுந்த இடம்

பூம்புகார் மீன் இறங்குதளத்து டீக்கடை. டிவியில் அணுகுண்டு சுமக்கும் ஏவுகணையின் சோதனையைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். நடுக்கடலில் அது விழும் இடத்தில் ஒரு கப்பல் முன்கூட்டியே காத்திருந்து படம் எடுத்திருக்கிறது.

"சொன்ன இடத்துலயே விழுந்திருக்கு, பாத்தீங்களாம்மா?" என்கிறேன், மீன்கூடையோடு பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம். ஏதோ நானே செய்து அனுப்பியதுபோல.

"எங்க வீட்டுக்காரரு படகோட காணாமப்போயி ரெண்டு வருசமாச்சு சார். கடல் பெருசு, எங்கன்னு தேடுறதுன்னு, தேடப்போன நேவிக்காரங்க நாலாம் நாளே திரும்பி வந்துட்டாங்க. உடம்பு கிடைக்கல. இந்த நெத்திப் பொட்ட வச்சுக்கிறதா, அழிக்கிறதான்னு இன்னிக்கும் தெரியல."

டிவியில் மறுபடியும் அந்தக் கப்பல். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொல்கிறார்:

"இது விழுற எடத்துக்கு மட்டும் முன்னாடியே போயி நிக்கிறாங்க, பாருங்க."