படி ஏறினால் வலிக்கும் பல்

உடற்பயிற்சி சொல்லித்தரும் வேலையில் ஒருவரை எடை தூக்க வைப்பது சுலபம், போதும் கீழே வையுங்கள் என்று சொல்லிக் கேட்க வைப்பதுதான் கஷ்டம். அவர் தைப்பூச விரதத்திலும் இருந்துவிட்டால் நம் பாடு திண்டாட்டம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் பதினோரு வருஷமாக ஜிம் நடத்துகிறேன். லிப்ட் கிடையாது. போன பூசத்துக்கு எனக்கும் பால்குட வேண்டுதல் இருந்ததால் ஒருவேளைச் சாப்பாடுதான். கூடவே கீழ்த்தாடையில் ஒரு பல்வலி. நீங்களும் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர் என்றால் இதைப் படித்துச் சிரிக்க மாட்டீர்கள்.

குணா அண்ணனுக்கு வந்த அருள்

குணா அண்ணன் கிள்ளான் பக்கம் பண்டமாரான்காரர். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். காவடி எடுக்கத் தோளில் பலம் வேண்டும் என்று சேர்ந்தார். ஒரு சாயங்காலம் எடையோடு உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தவர், திடீரென்று நடுங்கி, வியர்த்துக் கொட்டி, என்னவோ புரியாத வார்த்தைகள் பேச ஆரம்பித்தார். பிடிக்கப் போன என்னைத் தள்ளிவிட்டார். கூட வந்திருந்த அவர் மனைவி கைப்பையிலிருந்து விபூதியை எடுத்து அவர் நெற்றியில் பூசி, "வந்திருக்கிறது யாரு சாமி?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் கும்பிட்டார்கள். மறைப்பானேன், நானும் ஒரு நொடி கை கூப்பினேன்.

அப்புறம்தான் அவர் சேர்க்கைப் படிவத்தில் இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. நல்லவேளை, விழுங்குகிற நிலையில் இருந்தார். சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் சாமி மலையேறியது. காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை, ஆனால் இனிப்புநீர் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார், ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. டாக்டரைக் கேட்காமல் இப்படிச் செய்யலாமா என்று கத்திக்கொண்டே கிளினிக்குக்கு அனுப்பினேன். படியிறங்கும்போது அவர் நிதானமாகச் சொன்னார்: "விரதம் சோத்துக்குத்தானே கோச், மருந்துக்கு இல்லையே லா."

நித்யாவின் மழைக்கோட்டு

நித்யா செமினி என்ற ஊரிலிருந்து இந்தப் பக்கம் வேலைக்கு வந்து, அப்படியே ஜிம்முக்கும் வரும் பெண். விரதத்தோடு விரதமாக எடையும் இறங்கட்டும் என்று, தண்ணீர்கூடக் குடிக்காமல், மோட்டார் சைக்கிளுக்குப் போடும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு டிரெட்மில்லில் ஓடினாள். தலை வலிக்கிறது என்றாள். நிறுத்து என்றேன். இன்னும் அஞ்சு நிமிஷம் என்றவள் மூன்றாவது நிமிஷத்தில் கால் மடங்கி விழுந்தாள். கோட்டைக் கழற்றினால் உடம்பு அனலாகக் கொதித்தது. உன் பேர் என்ன என்று கேட்டதற்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. ஈரத் துண்டு, ஃபேன், ஆம்புலன்ஸ் என்று ஓடினேன்.

மறுநாள் வார்டுக்குப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரிப் படியில் என் பல் மறுபடியும் வலித்தது. கையில் டிரிப்போடு படுத்திருந்தவள் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, எத்தனை கிலோ கொறஞ்சிருப்பேன்?"

ஃபரிதாவின் கேள்வி

என்னோடு வேலை செய்யும் ஃபரிதா நோன்பு மாதம் முழுவதும் நோன்பு இருப்பவள். நோன்பு திறக்க அரை மணி இருக்கும்போதுதான் லேசாக நடப்பாள். கண் இருட்டினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள், வெட்கமே கிடையாது. நான் முதல் மாடியில் தாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவள் ஒரு வாரமாகப் பார்த்திருக்கிறாள். விரதத்தில் வாய் காய்ந்தால் பல் வலிக்கும் என்று நானே ஒரு வைத்தியம் பேசி அவளை அடக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை: "மேல வந்து உக்காந்ததும் போயிடுதே, அது என்னா பல்வலி அக்கா?"

கிள்ளான் பல் டாக்டர்

அவள் நச்சரிப்பு தாங்காமல் கிள்ளானில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். என் மகள் வயசுதான் இருக்கும். பூசத்துக்குள் பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்றேன். அவர் தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், எப்போது வலிக்கும் என்றார். படி ஏறினால். மூச்சு வாங்குமா? கொஞ்சம். வியர்க்குமா? விரதம் டாக்டர், பலவீனம். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். எதற்கென்று கேட்டேன். நெஞ்சுக்கு, இதயத்தின் வலி தாடையிலும் தெரியும் என்றார். நெஞ்சு வலிக்கவே இல்லையே, பூசம் முடிந்து போகிறேனே என்று கெஞ்சினேன். குணா அண்ணனும் நித்யாவும் பேசின அதே பேச்சு என் வாயிலிருந்து வந்தது. டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "படி ஏறினா மட்டும் வலிக்கிற பல்லை நான் பாத்ததே இல்ல ஆன்டி. பூசத்துக்கு நீங்க இருக்கணும்னா இப்பவே கிளம்புங்க."

இதய ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட்டோடு இதை எழுதும்போதுதான் உறைக்கிறது, பதினோரு வருஷமாக எல்லாரிடமும் வியாதி என்னவென்று கேட்டுப் படிவம் வாங்கிய ஜிம்மில் அதை எழுதிக்கொடுக்காத ஒரே ஆள் நான்தான்.